பேறு பார்த்த கைகளுக்கு உரிமம் எப்போது?

நம் பக்கத்தில் பேறு பார்க்கிறவளை வயற்றாட்டி என்பார்கள். கிழக்கே நாஞ்சில் நாட்டு ஊர்களில் மருத்துவச்சி என்ற சொல்லும் உண்டு. இரண்டு சொற்களும் இன்று பேச்சில் தேய்ந்துவிட்டன. திற்பரப்பிலிருந்தும் குலசேகரத்திலிருந்தும் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகளில் அநேகமாக எல்லோரும் ஆஸ்பத்திரியில் பிறந்தவர்கள். அவர்களுடைய பாட்டிமாரைக் கேட்டுப் பாருங்கள். வயற்றாட்டியின் பெயரைச் சொல்லி, அவள் எந்தப் பிள்ளைக்குக் கொடி அறுத்தாள் என்பதையும் சொல்வார்கள்.

அந்தப் பெண் யார்? பேறுகாலத் தீட்டைத் தொடுவது தாழ்ந்த வேலை என்று சாதி வகுத்திருந்தது. அதனால் அந்த வேலையும் கீழே வைக்கப்பட்ட சாதிகளுக்கே விடப்பட்டது. தமிழ்நாட்டின் பல பகுதிகளில் ஊர் வீடுகளுக்கு நாவிதர் சமூகப் பெண்கள் பேறு பார்த்தார்கள். வட மாவட்டங்களில் தலித் குடியிருப்புகளுக்குப் புதிரை வண்ணார் பெண்கள் போனார்கள். பல இடங்களில் அந்தந்தக் குடியிருப்பின் மூத்த பெண்களே அக்கம்பக்கத்துக்குத் துணை நின்றார்கள். வட இந்தியாவில் ‘தாய்’ என்று அழைக்கப்படும் மருத்துவச்சிகளில் பெரும்பாலோர் தலித் பெண்கள். தெருவில் நடப்பதற்கே சாதிவாரியாகத் தூரக்கணக்கு வைத்திருந்தது பழைய திருவிதாங்கூர். அங்கும் பிள்ளை தலைதிரும்பி வருகிற நேரத்தில் தொட்டுத் தூக்க ஒரு கை வேண்டியிருந்தது. கூலி என்பது கொஞ்சம் நெல், ஒரு பழைய துணி, வெற்றிலை பாக்கு.

இன்று அந்தக் கைக்கு வேலை இல்லை. அதைக் குறையாக மட்டும் சொல்ல முடியாது. மருத்துவமனைப் பிரசவம் நம் பெண்களின் உயிரைக் காத்திருக்கிறது. ஆனால் வயற்றாட்டி போன இடத்தில் யார் வந்திருக்க வேண்டும், யார் வரவில்லை என்று கேட்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. பயிற்சி பெற்ற மருத்துவச்சி, நம் தெருவுக்குப் பக்கத்தில், அரசு உரிமத்தோடு நடத்துகிற தனிப் பிரசவ மையம் என்ற ஒன்று பல நாடுகளில் உண்டு. நம் சட்டத்தில் அதற்கென்று ஓர் இடம் வேண்டும் என்பதே இக்கட்டுரையில் நாம் முன்வைக்கும் கோரிக்கை.

காத்த உயிரும் கூடிய கத்தியும்

முதலில் நல்ல கணக்கைப் பார்ப்போம். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் 99-க்கும் மேல் மருத்துவ நிலையங்களில்தான் நடக்கின்றன. மாதிரிப் பதிவு முறைக் கணக்கில், 2018-20 காலத்தில் ஒரு லட்சம் பிறப்புக்குத் தமிழ்நாட்டில் இறந்த தாய்மார் 54 பேர். இந்தியா முழுவதற்கும் அந்த எண் 97. பக்கத்துக் கேரளத்தில் 19. ஆரம்ப சுகாதார நிலையங்களில் 24 மணி நேரமும் செவிலியர், 2008 முதல் 108 ஆம்புலன்ஸ், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் 18,000 ரூபாய் மதிப்பிலான உதவி என்று அரசு எடுத்த பல முயற்சிகள் இதற்குப் பின்னால் இருக்கின்றன. இதைக் குறைத்துப் பேசுகிறவர்கள் நம் பெண்களுக்கு நன்மை செய்பவர்கள் ஆகமாட்டார்கள்.

அதே ஆய்வில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் சுமார் 45 அறுவை சிகிச்சையில் முடிகின்றன. தனியார் மருத்துவமனைகளில் மட்டும் பார்த்தால் 64. அரசு மருத்துவமனைகளில் 36. ஒரு நாட்டின் சிசேரியன் விகிதம் 100-க்கு 10-ஐத் தாண்டிய பிறகு, அது மேலும் கூடுவதால் தாய்-சேய் மரணம் குறைவதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் அறிவித்தது.

தேவைப்பட்டவளுக்கு அந்த அறுவை உயிர் தரும். தேவையில்லாமல் வயிறு கிழிக்கப்பட்டவளுக்கு என்ன நடக்கிறது? பொழுது விடியுமுன் தோட்டத்துக்குப் போய், மரத்துக்கு மரம் குனிந்து பால் வெட்டி, வாளி சுமக்கிற பெண்ணை நினைத்துப் பாருங்கள். தையல் ஆறும்வரை அவளுக்குக் கூலி இல்லை. அடுத்த பிரசவத்திலும் கத்திக்கு வாய்ப்பு அதிகம். தனியாரிடம் போயிருந்தால் காதில் கிடந்ததும் அடகுக் கடைக்குப் போயிருக்கும்.

செலவு மட்டும் பிரச்சினை இல்லை. அமெரிக்க மானுடவியலாளர் செசிலியா வான் ஹோலன் 1990-களில் தமிழ்நாட்டில் தங்கி, ஏழைப் பெண்களின் பிரசவ அனுபவங்களைக் கேட்டு எழுதிய ஆய்வு 2003-இல் நூலாக வந்தது. அரசு மருத்துவமனைகளில் ஏசும் பேச்சு, ஒவ்வொரு கைக்கும் கொடுக்க வேண்டிய காசு, பிரசவம் முடிந்ததும் பெண்ணுக்குச் சரியாகச் சொல்லாமலேயே கருத்தடைச் சாதனம் பொருத்துவது ஆகியவற்றை அவர் பதிவு செய்திருக்கிறார். அதன் பிறகு பிரசவ அறையில் உறவினர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளும் ஏற்பாடு வந்தது. பிரசவ அறைகளின் தரத்தை உயர்த்த ‘லக்ஷ்யா’ திட்டத்தை 2017-இலும், மரியாதையான பேறுகாலக் கவனிப்பை வாக்குறுதியாகத் தரும் ‘சுமன்’ திட்டத்தை 2019-இலும் மத்திய அரசு கொண்டுவந்தது. மாற்றம் இருக்கிறது. ஆனாலும் வலியில் கத்துகிற பெண்ணிடம் என்ன பேசுகிறார்கள், அவளுடைய முகவரியைக் கேட்ட பிறகு குரல் மாறுகிறதா என்பதெல்லாம் எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறுவதில்லை. அது நம் பெண்களுக்குத் தெரியும்.

மாணவர்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-இல் செய்த திருத்தம், மருத்துவமனைக்குள்ளோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்குள்ளோ நுழையவிடாமல் சாதியின் பெயரால் தடுப்பதைக் குற்றமாக எழுதிவைத்திருக்கிறது. வாசலில் தடுப்பதை அந்தச் சட்டம் பிடிக்கும். உள்ளே நடக்கும் அலட்சியத்தைப் பிடிக்க, யாரிடம் பிரசவம் பார்ப்பது என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு பெண்ணுக்கு இருக்க வேண்டும்.

வீட்டுப் பிரசவம் இதற்கு வழியா?

இல்லை. 2018 ஜூலையில் திருப்பூரில் ஓர் இளம்பெண் இணையத்தில் படம் பார்த்து நடந்த வீட்டுப் பிரசவத்தில் ரத்தப்போக்கால் இறந்தார். அடுத்த மாதமே கோவையில், வீட்டுப் பிரசவத்துக்குப் பயிற்சி தருவதாக விளம்பரம் செய்தவர் கைது செய்யப்பட்டார். அரசு எடுத்த நடவடிக்கை சரியானதே. பிள்ளை பிறந்த பிறகு நிற்காத ரத்தம் ஒரு மணி நேரத்துக்குள் உயிரைக் கொண்டுபோய்விடும். ஊசி மருந்தும், அதைப் போடத் தெரிந்த கையும், வண்டியும் இல்லாத வீட்டில் நல்லெண்ணத்தால் ஒன்றும் செய்ய முடியாது.

ஆனால் அந்தச் செய்திகளைப் படித்த எல்லோரும் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு. படித்த குடும்பங்கள்கூட ஏன் மருத்துவமனைக்கு அஞ்சி வீட்டைத் தேடின? தேவையில்லாமல் அறுத்துவிடுவார்கள் என்ற பயம் அதில் பெரிய பங்கு. வீடு, பெரிய மருத்துவமனை என்ற இரண்டே கதவுகள் இருந்தால், ஒன்றுக்குப் பயந்தவர் மற்றதில் போய் விழுவார். பிரசவ மையம் என்பது மூன்றாவது கதவு.

பிரசவ மையம் என்றால் என்ன?

சில அறைகள் கொண்ட ஒரு கட்டடம். அங்கே தலைமைப் பொறுப்பில் இருப்பவர் பயிற்சியும் பதிவும் பெற்ற மருத்துவச்சி. சிக்கல் இல்லாத கர்ப்பிணிகளை மட்டுமே சேர்ப்பார்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, இரட்டைப் பிள்ளை, தலைகீழாய் நிற்கும் பிள்ளை, முன்பு சிசேரியன் ஆனவர், கடும் ரத்தசோகை உள்ளவர் ஆகியோரை முன்கூட்டியே மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவார்கள். மாதப் பரிசோதனை முதல் பிரசவத்துக்குப் பிந்தைய கவனிப்புவரை ஒரே முகங்கள். வலி வந்த பெண் நடக்கலாம், உட்காரலாம், குடிக்கலாம், அம்மாவையோ கணவரையோ பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். ஆக்ஸிஜன், குழந்தைக்கு மூச்சு கொடுக்கும் பை, ரத்தப்போக்கை நிறுத்தும் மருந்து, சொட்டு மருந்துக் கருவி எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். அறுவை சிகிச்சை அங்கே கிடையாது. போக்கு சரியில்லை என்று தெரிந்தால் உடனே வண்டி.

இது பாதுகாப்பானதா என்று உலகம் ஆராய்ந்து பார்த்திருக்கிறது. இங்கிலாந்தில் சிக்கல் குறைந்த 64,000-க்கும் மேற்பட்ட பெண்களைப் பின்தொடர்ந்த ஆய்வு 2011-இல் வெளியானது. முதல் பிள்ளையை வீட்டில் பெற்றவர்களின் குழந்தைகளுக்கு ஆபத்து சற்றுக் கூடுதலாக இருந்தது. மருத்துவச்சிகள் நடத்தும் தனிப் பிரசவ மையங்களில் அப்படிக் கூடவில்லை. குழந்தையின் பாதுகாப்பு மருத்துவமனைக்கு ஒப்பாகவே இருந்தது. தாய்க்கு அறுவையும் ஆயுதப் பிரசவமும் குறைந்தன. அமெரிக்காவில் 79 பிரசவ மையங்களில் 15,574 பெண்களின் விவரத்தைத் திரட்டிய ஆய்வு 2013-இல் வந்தது. அவர்களில் சிசேரியன் ஆனவர்கள் 100-க்கு 6 பேர்.

மறைக்காமல் சொல்ல வேண்டிய எண்ணும் அதே இங்கிலாந்து ஆய்வில் இருக்கிறது. முதல் பிள்ளைக்காக மையத்துக்கு வந்தவர்களில் 100-க்கு 36 பேரை மருத்துவமனைக்கு மாற்ற வேண்டியிருந்தது. அடுத்தடுத்த பிள்ளைக்கு வந்தவர்களில் 9 பேர். ஆகவே பிரசவ மையத்தின் உயிர் அதன் கட்டிலில் மட்டும் இல்லை. வாசலில் நிற்கும் வண்டியிலும், மறுமுனையில் கதவைத் திறந்து வைத்திருக்கும் மருத்துவமனையிலும் பாதி இருக்கிறது. தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிப்பேருக்கு மேல் ரத்தசோகை உள்ள நிலையில், யாரைச் சேர்ப்பது என்ற விதி நமக்கு இங்கிலாந்தைவிடக் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

சட்டம் எங்கே நிற்கிறது?

தமிழ்நாட்டில் மருத்துவமனைகளையும் கிளினிக்குகளையும் பதிவு செய்ய 1997-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. 2018-இல் அது திருத்தப்பட்டு விதிகளும் வந்தன. மாவட்டத்தில் மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகம் இந்தப் பதிவைப் பார்க்கிறது. மத்திய அரசின் 2010-ஆம் ஆண்டுச் சட்டம் மருத்துவ நிறுவனங்களை வரையறுக்கும்போது ‘மகப்பேறு இல்லம்’ என்ற சொல்லையும் சேர்த்திருக்கிறது. ஆனால் மகப்பேறு இல்லம் என்றாலே டாக்டர் நடத்துவது என்ற எண்ணம்தான் நம் நாட்டில் வேரூன்றியிருக்கிறது.

மருத்துவச்சித் தொழிலுக்குச் சட்டம் புதிதல்ல. சென்னை மாகாணத்தில் 1926-இலேயே செவிலியர், மருத்துவச்சியர் பதிவுச் சட்டம் வந்துவிட்டது. 2018 டிசம்பரில் மத்திய அரசு மருத்துவச்சிப் பணிகளுக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. பதிவு பெற்ற செவிலியருக்கு 18 மாதச் சிறப்புப் பயிற்சி தந்து, சிக்கலில்லாப் பிரசவங்களை அவர்களே பொறுப்பேற்று நடத்தும் பிரிவுகளை உருவாக்குவது திட்டம். தெலங்கானா அதற்கு முன்பே, 2017-இல், கரீம்நகரில் இத்தகைய பயிற்சியைத் தொடங்கிவிட்டது. 2023-இல் தேசிய செவிலியர் மற்றும் மருத்துவச்சியர் ஆணையச் சட்டம் நிறைவேறியது. சட்டத்தின் பெயரிலேயே மருத்துவச்சி இடம் பிடித்துவிட்டாள்.

ஆனால் 2018 வழிகாட்டுதல் சொல்லும் பிரிவுகள் அதிகப் பிரசவம் நடக்கும் பெரிய மருத்துவமனைகளோடு சேர்ந்தவை. ஊருக்குள் தனியே நிற்கும் மையத்துக்கு அதில் வழி இல்லை. இதற்கிடையில் கொச்சி, ஐதராபாத் போன்ற நகரங்களில் வசதியுள்ளவர்கள் பணம் கட்டி மருத்துவச்சிகளின் மையங்களுக்குப் போகிறார்கள். பணம் இருப்பவருக்குத் தேர்வு இருக்கிறது. தோட்டக் கூலிக்குப் போகிற பெண்ணுக்கு இல்லை. தெளிவான உரிமமும் தர அளவுகோலும் வந்தால்தான் அரசு இதற்குப் பணம் ஒதுக்க முடியும். போலிகளை மூடவும் முடியும்.

உரிமம் எப்படி இருக்கலாம் என்பதற்கு ஜப்பான் ஓர் உதாரணம். அங்கே மருத்துவச்சி தன் பெயரில் பிரசவ இல்லம் நடத்த மருத்துவச் சட்டமே இடம் தருகிறது. ஆனால் 9 பேருக்கு மேல் ஒரே நேரத்தில் தங்கவைக்கக் கூடாது. சிக்கல் வந்தால் பொறுப்பேற்க ஒப்பந்த மருத்துவர் இருக்க வேண்டும். அளவு சிறியது, கட்டுப்பாடு தெளிவானது.

அண்டை நாடான நேபாளத்தில் கிராம சுகாதார நிலையங்களோடு சேர்ந்த பிரசவ மையங்களை அரசே நடத்துகிறது. 2009 முதல் பிரசவம் இலவசம், வந்துபோகும் செலவுக்கும் பணம் உண்டு. அதே நேரத்தில், ஆளும் மருந்தும் குறைவாக இருந்த மையங்களைத் தாண்டிப் பெண்கள் நேரே பெரிய மருத்துவமனைக்குப் போனார்கள் என்பதும் அங்கே கண்ட பாடம். பெயர்ப்பலகை மட்டும் மாட்டினால் மக்கள் வரமாட்டார்கள்.

இலங்கையில் 1926-இல் களுத்துறையில் சுகாதாரப் பிரிவு தொடங்கியது முதல், ஊர் ஊராகப் பயிற்சி பெற்ற அரசு மருத்துவமாதுகள் அமர்த்தப்பட்டார்கள். 1930-களில் ஒரு லட்சம் பிறப்புக்கு 2,000-க்கும் மேல் தாய்மார் இறந்த நாடு, இன்று அதை 30, 40 என்ற அளவுக்குக் கொண்டுவந்திருக்கிறது. அதில் அந்த மருத்துவமாதுகளின் பங்கு பெரிது. மலையகத் தமிழர் வாழும் தேயிலைத் தோட்டங்களுக்கு மட்டும் அந்த அரசு வலை தாமதமாகவே வந்தது. தோட்டத் தொழிலாளர் கடைசி வரிசையில் நிற்பது ரப்பர் நாட்டுக்காரர்களான நமக்குப் புரியாத விஷயம் இல்லை.

அலபாமாவிலிருந்து ஓர் எச்சரிக்கை

உரிமம் என்ற சொல்லையும் நாம் கவனமாகப் பிடிக்க வேண்டும். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் கறுப்பின மக்களின் பிரசவத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்தவர்கள் கறுப்பின மருத்துவச்சிகள். வெள்ளையர் மருத்துவமனைகள் கறுப்பினப் பெண்களை வாசலில் நிறுத்திய காலம் அது. அலபாமா மாநிலம் கிரீன் கவுண்டியில் மார்கரெட் சார்லஸ் ஸ்மித் என்ற மருத்துவச்சி 3,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கையில் ஏந்தினார். 1976-இல் அலபாமா கொண்டுவந்த சட்டம் அவரைப் போன்றவர்களின் அனுமதியை முடிவுக்குக் கொண்டுவந்தது. அறிவு இல்லாதவர்கள், சுத்தம் இல்லாதவர்கள் என்பதுதான் அவர்கள்மேல் காலங்காலமாக வைக்கப்பட்ட குற்றச்சாட்டு. பழைய கைகளுக்குப் பயிற்சி கொடுத்து மேலே ஏற்றாமல், வெளியே தள்ளிவிட்டார்கள்.

அரை நூற்றாண்டுக்குப் பிறகு அதே மாநிலத்தில் கறுப்பினப் பெண் மருத்துவர்கள் பிரசவ மையங்கள் தொடங்க முன்வந்தார்கள். மாநிலச் சுகாதாரத் துறை அவற்றை மருத்துவமனைகளாகக் கருதி, அதற்குரிய உரிமம் இல்லாமல் நடத்த முடியாது என்றது. அவர்கள் 2023-இல் நீதிமன்றம் போனார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் நீதிமன்றம் மையங்களுக்குச் சாதகமாக இடைக்கால உத்தரவு போட்டது.

இதிலிருந்து நமக்கு இரண்டு பாடங்கள். பெரிய மருத்துவமனைக்கு எழுதிய விதியைச் சிறிய மையத்தின் தலையில் கட்டினால், பணக்காரர் மட்டுமே உரிமம் வாங்க முடியும். இரண்டாவது, உரிமம் வருகிறபோது, அந்தத் தொழிலை இதுவரை சுமந்த சமூகங்கள் வெளியே நிற்கக் கூடாது. நம் நாட்டிலும் 1970-களில் கிராமத் ‘தாய்’மாருக்குப் பயிற்சியும் பிரசவப் பெட்டியும் கொடுத்தார்கள். 2005-இல் தேசிய ஊரக சுகாதார இயக்கம் வந்தபோது கவனம் மருத்துவமனைப் பிரசவத்துக்குத் திரும்பியது. அந்தப் பெண்களின் மகளோ பேத்தியோ பயிற்சி பெற்ற மருத்துவச்சி ஆக வழி செய்ய வேண்டும் என்று யாரும் திட்டம் போடவில்லை.

காலனிக்கு மட்டும் செவிலியா?

நம் வாசகர்கள் கேட்கப் போகும் கேள்வியை நாமே கேட்டுவிடுவோம். ‘ஊர்க்காரர்களுக்கு டாக்டர், குடியிருப்புக்காரர்களுக்கு மருத்துவச்சியா? ஏழைக்கு இரண்டாந்தரமா?’

கேள்வி நியாயமானது. தலித் மக்களுக்கென்று ஒதுக்கிய எதுவும் மட்டமாகவே வந்து சேர்ந்த அனுபவம் நமக்கு உண்டு. அதனால்தான் நாம் உரிமம் என்கிறோம், தர அளவுகோல் என்கிறோம். பிரசவ மையம் மருத்துவமனையைக் குறைப்பதற்கான சாக்காக ஆகக் கூடாது. குலசேகரம் அரசு மருத்துவமனையிலும் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியிலும் மகப்பேறு மருத்துவர் பணியிடம் ஒன்றுகூடக் குறையக் கூடாது. மையத்துக்குப் போவதா, நேரே மருத்துவமனைக்குப் போவதா என்பதைக் கர்ப்பிணிப் பெண்ணே முடிவு செய்ய வேண்டும். கொச்சியில் பணம் கட்டிப் போகிறவர்கள் இதை இரண்டாந்தரமாக நினைத்துப் போகவில்லை. மையம் எல்லாச் சாதிப் பெண்களும் வந்துபோகும் பொது இடத்தில் இருக்க வேண்டும். ஊர்ப் பெண்ணும் குடியிருப்புப் பெண்ணும் அடுத்தடுத்த அறையில் பிள்ளை பெற்றால் தரம் தானாகவே உயரும்.

திற்பரப்பில் ஏன்?

மருத்துவமனையே இல்லாத ஊரில்தான் இப்படி ஒரு மையம் வேண்டும் என்று தோன்றலாம். உண்மை அதற்கு மாறானது. அவசரத்தில் ஓடிச் சேர ஒரு மருத்துவமனை பக்கத்தில் இருக்கும் ஊருக்கே தனிப் பிரசவ மையம் பொருந்தும். திற்பரப்பிலிருந்து குலசேகரம் சில கிலோமீட்டர்தான். அங்கே அரசு மருத்துவமனை இருக்கிறது, தனியார் மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. அறுவை அரங்கும் ரத்தமும் உள்ள இடத்தோடு எழுத்துப்பூர்வமாக ஒப்பந்தம் செய்து, நிமிடக் கணக்கில் போய்ச் சேர முடிகிற ஊர் இது. சுற்றிலும் ரப்பர் தோட்டங்கள், கூலி வேலைக்குப் போகும் தலித் குடும்பங்கள், அருவிக்கரைக் கடைகளில் வேலை செய்யும் பெண்கள். மாதப் பரிசோதனைக்கு ஒரு நாள் கூலியை விடுவதே இவர்களுக்குப் பாரம். நடந்து போகும் தூரத்தில், மாலையிலும் திறந்திருக்கும் மையம் அதை மாற்றும்.

அதே காரணத்தால், பேச்சிப்பாறை அணைக்கு அப்பால் படகில் ஏறிப் போக வேண்டிய காணி மக்களின் குடியிருப்புகளுக்கு இந்த யோசனையை அப்படியே கொண்டுபோகக் கூடாது. அங்கிருந்து அவசரத்தில் இறங்கி வர நேரம் போதாது. மாநிலத்தின் சில மலைப்பகுதிகளில் உள்ளது போன்ற பிரசவக் காத்திருப்பு அறைகள்தான் அவர்களுக்கு வேண்டும். தேதி நெருங்கியதும் கீழே வந்து, துணைக்கு ஓர் ஆளோடு, சாப்பாட்டோடு தங்கியிருக்கலாம்.

மருத்துவத்தில் வழிகாட்டியது நம் மாவட்டத்துக்குப் புதிதில்லை. நெய்யூரில் இலண்டன் மிஷன் மருத்துவப் பணி தொடங்கியது 1838-இல். சாதி பார்க்காமல் ஒரே கூரைக்குக் கீழே நோயாளிகளைப் படுக்கவைக்க வேண்டும் என்ற பழக்கம் இப்பகுதியில் வேர் பிடிக்க மிஷன் மருத்துவமனைகள் காரணமாக இருந்தன. இன்று குமரி மாவட்டத்துப் பெண்கள் செவிலியராக வளைகுடா நாடுகள்வரை போகிறார்கள். மருத்துவச்சியாகப் பயிற்சி பெறத் தகுதியுள்ள பெண்களுக்கு இங்கே பஞ்சமில்லை. அவர்கள் தங்கள் ஊரிலேயே மரியாதையோடும் முறையான சம்பளத்தோடும் வேலை செய்ய ஓர் இடம்தான் இல்லை.

நாம் கேட்பது

ஒன்று: தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தின் விதிகளில் ‘மருத்துவச்சி நடத்தும் பிரசவ மையம்’ என்று ஒரு தனி வகை சேர்க்கப்பட வேண்டும். அதற்குரிய கட்டட, கருவி, ஆள் அளவுகோல் மருத்துவமனைக்கு எழுதியதன் நகலாக இல்லாமல் தனியாக வகுக்கப்பட வேண்டும்.

இரண்டு: யாரைச் சேர்க்கலாம், எப்போது மாற்ற வேண்டும் என்பது விதியிலேயே எழுதப்பட வேண்டும். அறுவை வசதியுள்ள மருத்துவமனையோடு ஒப்பந்தமும், 108 சேவையோடு இணைப்பும் இல்லாத மையத்துக்கு உரிமம் தரக் கூடாது.

மூன்று: முதல் மையங்களை அரசே நடத்த வேண்டும். மகப்பேறு நிதியுதவி, பிறப்புப் பதிவுக்கு வேண்டிய பிக்மி எண் ஆகியவை அரசு மருத்துவமனையில் கிடைப்பது போலவே இங்கும் கிடைக்க வேண்டும்.

நான்கு: 18 மாத மருத்துவச்சிப் பயிற்சியில் பட்டியல் சாதி, பழங்குடிப் பெண்களுக்கு இட ஒதுக்கீடும் உதவித்தொகையும் உறுதியாக வேண்டும். நாவிதர், புதிரை வண்ணார் போன்று இந்தத் தொழிலைச் செய்துவந்த சமூகங்களின் பெண்களையும் தேடிச் சேர்க்க வேண்டும்.

ஐந்து: எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் மாற்றப்பட்டார்கள், தாய்க்கும் சேய்க்கும் என்ன ஆயிற்று என்ற கணக்கு ஆண்டுதோறும் பொதுவில் வைக்கப்பட வேண்டும். புகார் விசாரிக்கும் குழுவில் உள்ளூர்த் தலித் பெண்கள் இருக்க வேண்டும்.

இதை எங்கிருந்து தொடங்குவது? சுற்றியுள்ள ஊராட்சிகளில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. திற்பரப்பு போன்ற பேரூராட்சிகளில் பகுதி சபைகள் இருக்கின்றன. அங்கே எழுந்து கேட்க மூன்று கேள்விகள் போதும். நம் துணை சுகாதார நிலையத்தில் பிரசவம் பார்க்க வசதி இருக்கிறதா? சென்ற ஆண்டு நம் ஊர்ப் பெண்களில் எத்தனை பேருக்கு சிசேரியன் ஆனது, அதில் அரசில் எத்தனை, தனியாரில் எத்தனை? நம் மாவட்டத்திலிருந்து எத்தனை செவிலியர் மருத்துவச்சிப் பயிற்சிக்கு அனுப்பப்பட்டார்கள், அவர்களில் பட்டியல் சாதிப் பெண்கள் எத்தனை பேர்?

பதில் வந்தால் அதை எழுதி வாங்குங்கள். வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். செவிலியர் கல்லூரிகளில் படிக்கும் நம் பிள்ளைகள் அந்த மனுவை எழுதிக் கொடுக்கலாம். எண்கள் கைக்கு வந்த பிறகு, பிரசவ மையத்துக்கான தீர்மானத்தை அடுத்த சபையில் கொண்டுவரும் வேலையை நம் தாய்மார்கள் பார்த்துக்கொள்வார்கள்.